வெள்ளையாக விட்ட சதுரம்

பெங்களூரு
18 மே 2025

அக்காவுக்கு,

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. குலதெய்வக் கோயில் மண்டபத்தில் 63 பேர் இருந்தோம். பரிசோதனைக்கு எச்சில் மாதிரி கொடுத்தவர்கள் 38. அப்போதுதான் மச்சான் மகள் நிமியைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் கட்டிய வம்சாவளி ஃப்ளெக்ஸ் முன்னால் வந்து நின்றார். 10.55க்கு உங்கள் ஜீப் கிளம்பிவிட்டது. பொங்கல்கூட இன்னும் பொங்கவில்லை. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். அதனால்தான் தபால்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முழுசாகத் தெரியாமல் கோபப்படுகிறாய் என்று நினைக்கிறேன்.

திக்குவாய் பயத்தால் வருவதில்லை. அடி வாங்கியதால் வருவதில்லை. பெரும்பாலும் குடும்பத்தில் இறங்கி வருகிறது. இதற்குக் காரணமாக இதுவரை நான்கு மரபணுக்களைப் பேர் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அதில் மூன்று, செல்லுக்குள் கழிவை உடைக்கிற நொதிகள் மேல் விலாசம் ஒட்டுகிற வேலையைப் பார்ப்பவை. விலாசம் தப்பினால் பேச்சு ஏன் தடங்குகிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. பெரிய குடும்பம் ஒன்று கிடைத்தால் புதிதாக ஏதாவது தெரியலாம். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அதைத்தான் தேடுகிறார்கள். நம் பங்காளிகளைவிடப் பெரிய குடும்பத்துக்கு நான் எங்கே போவேன்?

அது மட்டுமில்லை. நாக்குத் தடங்குகிற பிள்ளைக்காக நம் கோயிலில் வெள்ளித் தகட்டில் நாக்கு செய்து வைக்கிறோம் இல்லையா, அதைப் பூசாரி 1974 முதல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்பா பேர், வருஷம், நாக்கு ஒன்று. மொத்தம் 29. இப்படி ஐம்பது வருஷ ரெக்கார்டு எந்த ஆய்வுக் கூடத்திலும் கிடையாது. அதை வைத்து வம்சாவளிப் படம் போட்டேன். ஆண் சதுரம், பெண் வட்டம், திக்குகிறவர்கள் கறுப்பு. எல்லோரும் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும் என்று கொழிஞ்சாம்பாறையில் எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் அடித்து, சாப்பாட்டுப் பந்தல் பக்கத்தில் கட்டினேன்.

பெரியப்பா ஒருத்தர்தான் தகராறு செய்தார். "கோயல்ல வெச்சு எச்சத் துப்பச் சொல்றயேடா, வெவஸ்தை இருக்குதா உனக்கு?" என்றார். "குப்பிக்குள்ளதானுங்க பெரியப்பா" என்றேன். "குப்பிக்குள்ள துப்புனா மட்டும் தீர்த்தமா ஆயிருமா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் அவரும் துப்பினார்.

உன் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அது பொய்யில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், மச்சானுக்கு இது தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் செய்ததில் எது தப்பு என்று எழுது. குறிப்பாக எழுது.

அருள்குமார்


வட்டவடை
30 மே 2025

அன்புள்ள தம்பி அருளுக்கு,

உன் கடிதத்தில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்கிறேன். நலமா கண்ணு? ராத்திரி சோறு ஆக்குகிறாயா, இல்லை பிஸ்கட்தானா? இங்கே இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பிடுங்கிப் போட்ட பூண்டு காயாமல் கிடக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கி வைத்த மச்சானுக்கு அந்தக் கவலை வேறு. எழுதும்போது எனக்குத் தடங்காது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படி.

மச்சானுக்குத் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்கிறாய். என்னைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தடங்கப் போகிற சொல் வருவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சுற்றிக்கொண்டு போய்விடுவேன். பால் என்று சொல்ல வராது, "டீக்கு ஊத்தறது" என்பேன். கேரட் வராது, "செவப்புக் கெழங்கு" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பது எனக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா. காளிச்சாமி என்பதில் முதல் எழுத்தே பூட்டிக்கொள்ளும். என் பேர் அதைவிட மோசம். அட்சயா சென்டரில் ஜனங்களுக்கு ரேஷன் கார்டு, பென்ஷன் அபேட்சை அடித்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பேர் கேட்டார்கள், ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். மகளுக்கு நிமி என்று வைத்ததுகூட, தடங்காமல் கூப்பிடுகிற மாதிரி ஒரு பேரைப் பத்து நாள் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துத்தான். "அழகாத்தான் இருக்குது" என்றார் மச்சான். வாய் பேசாத பெண்டாட்டி கிடைத்தாள் என்று அவர் சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். அவரும் அப்படியே நம்பிவிட்டார்.

ஜனவரியில் நிமிக்குப் பேச்சு தடங்க ஆரம்பித்தது. அப்போது எங்கள் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர் வீரபாண்டி. அவருக்குத் திக்கும். லோடு ஏற்றப் போகிற வழியில் நிமியை அங்கன்வாடியில் விடுவது அவர்தான். "அவம் பேச்சக் கேட்டுக் கேட்டுத்தான் புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு" என்றார் மாமியார். மச்சான் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை, என்னிடமிருந்து இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கோயிலிலிருந்து திரும்பும்போது மறையூர் வரைக்கும் மச்சான் நிற்காமல் ஓட்டினார். அங்கே டீக்கடையில் நிறுத்தினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, வீரபாண்டிய நிறுத்துனன்னிக்கு நீ அடுப்படிலதான நின்னுட்டு இருந்தே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். என்றைக்காவது சொல்லியிருப்பேன், சொல்லாமலே போயிருப்பேன், அது என் பாடு. நீ ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டிவிட்டாய்.

இன்னொன்று. 38 குப்பி என்கிறாய். நான் துப்பவில்லை, மச்சானும் துப்பவில்லை. "மாமா துப்பச் சொன்னாங்க, தேன்மிட்டாய் குடுத்தாங்க" என்கிறாள் நிமி. அந்த 38இல் என் மகள் இருக்கிறாளா?

உன் அக்கா,
தமிழ்ப்ரியா


பெங்களூரு
8 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலம். பிஸ்கட் இல்லை, மெஸ்ஸில் சாப்பிடுகிறேன்.

இருக்கிறாள். 38ஆவது குப்பி, நேரம் 10.15. நீ பொங்கல் அடுப்பண்டை இருந்தாய். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். உறவுமுறை: தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைத்தீர்கள், அந்த உரிமை இதற்கும் செல்லும் என்று நினைத்தேன். போடும்போது தப்பாகவே படவில்லை. போன வாரம் மேலாளர் படிவங்களைச் சரிபார்த்தார். "தாய்மாமன் என்றால் சட்டப்படி யார்?" என்று கேட்டார்.

அவளுக்கு நல்லதுக்குத்தான் எடுத்தேன். நிமியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். திக்க ஆரம்பிக்கிற நான்கு பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அது தானாகப் போய்விடும். பெண் பிள்ளை என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆனால் வீட்டில் யாருக்காவது போகாமல் நிலைத்துவிட்டிருந்தால் வாய்ப்பு குறையும். உனக்குப் போகவில்லை. அது அவளுக்குப் பாதகம். அதனால் காத்திருக்காதே. அடிமாலியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் இருக்கிறாரா என்று விசாரி. வேகமாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று அவளிடம் யாரும் சொல்லக்கூடாது. முக்கியமாக உன் மாமியார்.

வீரபாண்டி விஷயம் எனக்குத் தெரியாது. திக்குவாய் ஒட்டுவதில்லை. அதை மச்சானிடம் சொல்.

இன்னொரு விஷயம், இது உனக்கும் ஆச்சரியமாக இருக்கும். கோயில் நோட்டில் இருக்கிற 29 வீட்டில், நம் வீடு தவிர எல்லா வீட்டிலும் எந்தப் பிள்ளைக்காக நாக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். 28 வீட்டிலும் பையன். பெண் ஒரே ஒருத்தி, நீ. 'ஆறுச்சாமி, 2001, நாக்கு ஒன்று' என்று அப்பா பேர் இருக்கிறது. பெரியவர்களில் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்றுதான் கணக்கு. 28க்கு ஒன்று எங்கேயும் கிடையாது. நம் வம்சத்தில் பெண்களைக் காப்பாற்றுகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது மட்டும் கிடைத்தால் நீ பட்டதற்கெல்லாம் ஓர் அர்த்தம் இருக்கும்.

சீக்கிரம் பதில் போடு.

அருள்


வட்டவடை
26 ஜூன் 2025

அருளு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்குப் போகவில்லை, அது அவளுக்குப் பாதகம் என்ற வரியை மச்சான் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன். அப்புறம், இன்னும் என்ன மறைப்பது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உந்தம்பிக்கு மனுசங்ககிட்டப் பேசத் தெரியாதா?" என்றார். அடிமாலிக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். வாரம் ஒரு நாள் போக வேண்டும். போகிறோம்.

நீ கண்டுபிடித்ததைப் பற்றி. பெண்களைக் காப்பாற்றுகிற எதுவும் நம் வம்சத்தில் இல்லை. பெண் பிள்ளைக்கு நாக்கு வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வைத்தால் நோட்டில் ஏறும், நோட்டில் ஏறினால் பங்காளிகளுக்குத் தெரியும், தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? நீ வீடு வீடாகப் போய்க் கேட்டாயே, அந்த வீடுகளில் உனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போன பெண்கள் எத்தனை பேர்? அதை எண்ணினாயா?

எனக்கும் வைக்கவில்லை. அம்மா கேட்டாள், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். 2001இல் எனக்குப் பன்னிரண்டு வயது. யாராவது பன்னிரண்டு வயதில் கொண்டுபோய் நாக்கு வைப்பார்களா? உனக்கு அப்போது ஐந்து.

அந்த நாக்கு உன்னுடையது அருளு.

நீ நன்றாகத் திக்கினாய். சொல் வராவிட்டால் தலையைச் சுவரில் முட்டுவாய். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல வராமல் நிற்பாய், மற்றதுகள் சிரிக்கும். நான் ஏழாம் வகுப்பிலிருந்து ஓடிவந்து உன் பக்கத்தில் நின்று உனக்காகச் சொல்வேன். எனக்கும் தடங்கும். ஆனால் சிரிப்பு உன்னை விட்டு என் பக்கம் வந்துவிடும். ஒரு வாரம் ஓடிவந்தேன். அப்புறம் டீச்சரே, கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார். ஏழு வயதில் உனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. மறந்தும் போய்விட்டாய். நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. உன் படத்தில் உன் சதுரத்தை வெள்ளையாக விட்டிருந்தாய். அன்றைக்கு அதைத்தான் முதலில் பார்த்தேன்.

சொல்லிக்காட்ட எழுதவில்லை. மறந்துபோனது உன் தப்பில்லை.

வீரபாண்டி வீட்டுக்குப் போனேன். மச்சான் முன்பே போய் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார், வரமாட்டேன் என்றுவிட்டாராம். இப்போது வேறொருத்தர் ஜீப் ஓட்டுகிறார். நான் தனியாகத்தான் போனேன். சுற்றாமல், வந்த சொல்லையே சொன்னேன். என்னிடமிருந்துதான் நிமிக்கு வந்தது என்று சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் இடையில் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அந்த மாதிரி யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

அவர் வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. "இதை அ... அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அ... அஞ்சு மாசமா எம் மககிட்டப் பேசாம இருந்திருக்க மாட்டேம்மா" என்றார். தன்னிடமிருந்து ஒட்டிவிடும் என்று ஜனவரியிலிருந்து அந்தக் குழந்தையிடம் வாயே திறக்கவில்லையாம். தூக்குவாராம், தூங்க வைப்பாராம், பேச மட்டும் மாட்டாராம். இப்போதும் அவர் மனைவி நம்பவில்லை. "படிச்சவுக யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தேன் நம்புவா" என்கிறார்.

இதற்கு நான் உன்மேல் பழி போட முடியாது. இது நான் செய்தது.

ஆனாலும் நீ கொஞ்ச நாள் இங்கே வர வேண்டாம். நிமி உன்னைக் கேட்கிறாள், ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். அவள் எச்சிலை என்னிடம் கேட்காமல் எடுத்தாயே, அதைத் தாண்ட என்னால் முடியவில்லை. திட்டுவதற்காவது உன் குரலைக் கேட்கலாம் என்று சில நாள் தோன்றும். அப்புறம் போனை வைத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெங்களூரு
6 ஜூலை 2025

அக்கா,

அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் அழுதாள். நீ எழுதியது உண்மை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

அருள்


பெங்களூரு
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிமி எப்படி இருக்கிறாள், பயிற்சி எப்படிப் போகிறது, மச்சானுடைய பூண்டு என்ன ஆனது? கேட்டிருக்கிறேன், பதில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடும்படி அதில் ஒன்றும் இல்லை.

முடிவு வந்துவிட்டது. நான்கு மரபணுக்களிலும் ஒன்றுமில்லை. நம் வம்சத்தில் இறங்கி வருவது இன்னும் யாரும் பேர் வைக்காத ஏதோ ஒன்று, அல்லது சின்னச் சின்னதாகப் பல. இன்னும் பல குடும்பங்கள் சேர்ந்தால் என்றைக்காவது தெரியலாம். 63 பேருக்கு முன்னால் உன் பேரைக் கட்டித் தொங்கவிட்டதற்கு என் கையில் ஒன்றுமே இல்லை. ஏதாவது கிடைத்திருந்தால் அதைக் காட்டி உன்னிடம் வாதாடியிருப்பேன். கிடைக்காததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

28க்கு ஒன்று என்பதை மேலாளரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். நீ எழுதியதைப் போய்ச் சொன்னேன். "மாதிரி எடுப்பதில் வந்த பிழை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்லூரியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பிழை. காபி கொண்டுவந்து வைத்த பெண்களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பதினொரு வீடு ஞாபகம் வருகிறது. ஒருத்தி முகம்கூட ஞாபகமில்லை, டம்ளர்தான் ஞாபகம் இருக்கிறது.

சுவரில் முட்டியது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. நீ வந்து பக்கத்தில் நின்றதும் ஞாபகம் வரவில்லை. வர வேண்டும் என்று ஆபீஸ் பாத்ரூமில் கண்ணாடி முன்னால் நின்று 'உள்ளேன்' என்று சொல்லிப் பார்த்தேன். சட்டென்று வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா. எனக்குப் போனதும் உனக்குப் போகாததும் ஏன் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதை நான் என் கெட்டிக்காரத்தனம் மாதிரி இருபது வருஷமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். பெரியப்பா தன் மாட்டுச் சாளைக்கு மேலே மழைக்குப் போட்டிருக்கிறாராம். எழுத்து மேல்பக்கம். ஊரே பார்க்கிறது.

மன்னிப்புக் கேட்கிறேன். முதல் கடிதத்தில் எது தப்பு என்று குறிப்பாக எழுதச் சொன்னேன். நீ எழுதினாய். குறிப்பாகவே நானும் கேட்கிறேன்: உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிச் சொன்னதற்கு, நிமியின் எச்சிலுக்கு, அந்தக் கையெழுத்துக்கு, பாதகம் என்று எழுதிய வரிக்கு.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஒன்பது மணிக்கு, நிமியின் படிவத்தில் உரிமை இல்லாமல் கையெழுத்துப் போட்டேன் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுப்பேன். அவள் குப்பியையும் அதிலிருந்து எடுத்த விவரங்களையும் அழித்துவிட்டு அதற்கான தாளை உனக்கு அனுப்புவேன். வேலை போனால் போகட்டும்.

2. மற்ற 37 பேருக்கும் போன் செய்து, உங்கள் குப்பியை வைத்திருக்கவா, அழிக்கவா என்று கேட்பேன். காரணம் கேட்க மாட்டேன்.

3. வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போய் ஃப்ளெக்ஸை இறக்குவேன். பெரியப்பாவுக்குத் தார்ப்பாய் வாங்கிப் போட்டுவிட்டு அதைத் துண்டு துண்டாக வெட்டுவேன்.

4. திக்குவாய் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, அப்பா பேசப் பேசத்தான் குழந்தைக்குப் பேச்சு வரும் என்று வீரபாண்டி அண்ணனுக்குத் தமிழில் எழுதி அனுப்புவேன். மரபணுப் பேர் எதுவும் அதில் இருக்காது. ஒரு டாக்டரிடமும் கையெழுத்து வாங்குவேன், அவர் மனைவி நம்ப வேண்டும். ஜீப் ஸ்டாண்ட் விலாசத்துக்கே அனுப்புகிறேன், உன்னை இடையில் இழுக்க மாட்டேன்.

5. அடுத்த வருஷம் கோயில் கூட்டத்தில் எழுந்து, 2001இல் வைத்த நாக்கு எனக்காக என்று சொல்வேன். வேறு யார் பேரும் என் வாயில் வராது.

6. செப்டம்பர் 14 நிமிக்கு ஐந்து முடிகிறது. வருஷா வருஷம் கேட்காமல் வந்து நிற்பேன். இந்த வருஷம் நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வர மாட்டேன், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவும் மாட்டேன்.

உன் தம்பி,
அருள்